கெத்தாராமவில் ஆட்டம், மன்னாரில் வீடு

டிக்கெட் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: ஆட்டம் முடிந்த இரவு எங்கே படுப்பது? கொழும்புக்காரருக்கு இப்படியொரு கேள்வியே எழாது. மன்னார்த் தீவிலிருந்தோ, வங்காலை, முருங்கன், சிலாவத்துறைப் பக்கத்திலிருந்தோ போகிறவருக்குக் கொழும்பு முந்நூறு கிலோமீற்றர் அளவு தூரம். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ரி20 ஆட்டம் முடியப் பதினொரு மணியாகிவிடும். வாசலைத் தாண்டி வீதிக்கு வர இன்னும் அரை மணித்தியாலம். வடக்குக்குப் போகும் இரவு பஸ்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே புறக்கோட்டையை விட்டுப் புறப்பட்டிருக்கும்.

ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். முதலில் திரும்பும் வழி, அடுத்தது படுக்கை, பிறகு போகும் வழி, கடைசியில் ஆட்டம். இந்த ஒழுங்கை மாற்றி, கையில் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் மற்றவற்றை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் நள்ளிரவில் பஸ் நிலையப் படிக்கட்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள். இளைஞர்களால் அதைத் தாங்க முடியும். பிள்ளைகளோடும் பெற்றோரோடும் போகிறவர்களால் முடியாது, அவர்கள் அப்படிக் கஷ்டப்படவும் கூடாது.

இத்தனை சிரமத்துக்குப் பிறகும் போகத்தான் வேண்டுமா என்றால், போகத்தான் வேண்டும். 1996 உலகக் கிண்ணத்தின்போது கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பை அடுத்து அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு விளையாட வர மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக வந்து, பெப்ரவரி 13 அன்று இலங்கையோடு ஒரு நல்லெண்ண ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். அந்தப் போர் நாட்களில் மன்னாரிலிருந்து ஓர் ஆட்டம் பார்க்கவென்று கொழும்புக்குப் போவதை நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். வானொலிதான் மைதானம். 2011, 2012, 2026 என்று உலகக் கிண்ணங்கள் மீண்டும் இந்த நாட்டுக்கு வந்தபோது பாதை திறந்திருந்தது. திறந்த பாதையில் போய் நம் ஊர்க்காரரும் அரங்கில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

எந்த ஆட்டம், எந்த மைதானம்

பெரிய அணிகளின் இரவு ஆட்டத்தையே எல்லோரும் முதலில் தேடுவார்கள். முதன்முறை போகிறவருக்கு நான் சொல்வது பகல் ஆட்டம். 2026 பெப்ரவரி 7 முதல் மார்ச் 8 வரை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து நடத்திய ரி20 உலகக் கிண்ணத்தில் 20 அணிகள் ஆடின. காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் தொடங்கும் ஆட்டங்கள் அட்டவணையில் இருந்தன. காலை ஆட்டம் பார்த்தால் அன்றிரவே பஸ் ஏறலாம். சின்ன அணிகள்தானே என்று ஒதுக்க வேண்டாம். 1996இல் புனேயில் கென்யா, மேற்கிந்தியத் தீவுகளை 93 ஓட்டங்களுக்குள் சுருட்டியது. அந்த ஆட்டத்துக்குப் போகாமல் விட்டவர்கள் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட் விலை பெரிய தடை அல்ல. 2026 தொடருக்கு இலங்கையில் மிகக் குறைந்த டிக்கெட் 1000 ரூபாய். பயணமும் படுக்கையும் சாப்பாடும்தான் செலவு. அந்தத் தொகையை முதலில் கணக்குப் போட்டுவிட்டு, மிஞ்சுவதைப் பார்த்து இருக்கையைத் தெரிவு செய்யுங்கள். உத்தியோகபூர்வ விற்பனைத் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்க வேண்டாம். முந்நூறு கிலோமீற்றர் தாண்டி வந்தவரின் முகத்தைப் பார்த்தவுடனே வாசலில் மறுவிற்பனை செய்பவருக்கு விளங்கிவிடும். சொன்ன விலைக்கு வாங்குவார் என்று அவருக்குத் தெரியும். அந்த டிக்கெட் உள்ளே செல்லுபடியாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2026 தொடரில் கொழும்பில் இரண்டு மைதானங்கள். மாளிகாவத்தையில் 1986இல் திறக்கப்பட்ட ஆர். பிரேமதாச மைதானத்தைத்தான் எல்லோரும் கெத்தாராம என்கிறார்கள். 35,000 பேர் அளவில் கொள்ளும், பெரிய இரவு ஆட்டங்கள் அங்கேதான். எஸ்.எஸ்.சி. மைதானம் கறுவாத்தோட்டப் பக்கம், சிறியது, பிள்ளைகளோடு போக வசதியானது. பல்லேகல கண்டி நகரத்துக்கு வெளியே, திகன வீதியில் இருக்கிறது. புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். மன்னார் வெக்கையில் பழகிய உடம்புக்குப் பெப்ரவரி இரவில் அங்கே ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படும்.

நமக்கு இதுவரை மிக அருகில் உள்ள சர்வதேச மைதானம் தம்புள்ள. மதவாச்சி, அனுராதபுரம் தாண்டினால் அவ்வளவுதான். 2024 யூலையில் மகளிர் ஆசியக் கிண்ணம் முழுவதும் அங்கேதான் நடந்தது. யூலை 28 இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் 165 ஓட்டங்களைச் சமரி அத்தபத்துவும் ஹர்ஷிதா சமரவிக்ரமவும் துரத்திப் பிடித்து, எட்டு விக்கெட்டுகளால் கிண்ணத்தை வென்று கொடுத்தார்கள். காலையில் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தாலும் அந்த ஆட்டத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். மகளிர் போட்டிகளை நம் ஊரில் இன்னும் போதிய அளவு கவனிப்பதில்லை. பெண் பிள்ளைகள் உள்ள வீடுகள் முதல் பயணத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நாட்காட்டி

போட்டி அட்டவணை வெளிவந்த அன்றே ஊர் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2026இல் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்துக்குக் கொழும்பில் குறிக்கப்பட்ட நாள் பெப்ரவரி 15. அன்றுதான் மகா சிவராத்திரி. நாடு முழுவதிலுமிருந்து சனம் திருக்கேதீஸ்வரத்துக்கு வரும் நாளில் எதிர்த்திசையில் போகிறவருக்கு இடம் கிடைக்கும். ஆனால் மறுநாள் திரும்பும்போது பஸ்ஸும் ரயிலும் எப்படி இருக்கும் என்பதை விசாரித்து வைக்காமல் போகக் கூடாது. அந்த வாரமே, பெப்ரவரி 18இல் விபூதிப் புதனோடு தவக்காலமும், அதையொட்டி நோன்பு மாதமும் தொடங்கின. எருக்கலம்பிட்டியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ ஏழு மணி ஆட்டத்துக்குப் போகிறவர் நோன்பு திறக்கும் நேரத்தில் வாசல் வரிசையில் நிற்பார். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். வாசலுக்கு உள்ளே வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள் என்பதால், திறந்து, தொழுதுவிட்டு உள்ளே போகும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். கெத்தாராம, மாளிகாவத்தைப் பகுதியில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஓர் ஆட்டம் வந்தால் மடுத் திருவிழாவை மறக்க வேண்டாம். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் மதவாச்சி வீதியில் எல்லா வாகனமும் மடுவுக்கானதுதான்.

போகும் வழி

ரயில் கிடைத்தால் ரயிலே நல்லது. 1990இல் போரோடு நின்றுபோன தலைமன்னார்ப் பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச் 14 முதல் இறங்குதுறை வரை ஓடத் தொடங்கியது. பேசாலை, தோட்டவெளி, மன்னார், முருங்கன், மடு வீதி என்று நம் வாசல்களைத் தொட்டுக்கொண்டு போய், மதவாச்சியில் வடக்குப் பாதையோடு சேர்கிறது. பிள்ளைகள் காலை நீட்டலாம், முதியவர்கள் மலசலகூடத்துக்குப் போகலாம். ஆனால் இந்தப் பாதையில் ஓடும் ரயில்கள் மிகச் சில. நடுவில் எங்கேனும் திருத்தவேலை நடந்தாலும் நமக்குத்தான் முதலில் வெட்டு விழும். 2024இல் மகாவ–அனுராதபுரம் திருத்தவேலையின்போது அப்படித்தான் ஆனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளைச் சிதைத்துப் போட்டது. ஆகவே பழைய நேர அட்டவணையை நம்பாமல், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு மன்னார் நிலையத்தில் நேரில் கேளுங்கள். மாற்று வழியாக ஒரு பஸ்ஸையும் மனதில் வைத்திருங்கள்.

பஸ் என்றால் இ.போ.ச.வும் தனியாரும் உண்டு. அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஏறி விடியப் புறக்கோட்டையில் இறங்குவதைவிட, முந்தைய நாள் பகலிலேயே போய்ச் சேர்ந்து ஒரு முழு இரவு தூங்குவது எவ்வளவோ மேல். தூக்கம் கெட்ட உடம்போடு மத்தியான வெயிலில் வரிசையில் நின்றால், விளக்கு எரியும் நேரத்தில் கண் சொக்கும்.

சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி வழியே வில்பத்துவுக்கூடாகப் புத்தளம் போகும் கரையோரப் பாதை வரைபடத்தில் எவ்வளவு கிட்டமாகத் தெரிந்தாலும் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். அது வனப் பூங்காவுக்குள் போகும் பாதை, நீதிமன்றம் வரை போன விவகாரம். சுற்றினாலும் பெருவீதியே நிச்சயமானது. புத்தளம் என்றதும் இன்னொன்று. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே இன்னும் வீடும் உறவும் இருக்கின்றன. அப்படி உறவு உள்ளவர்கள் பயணத்தை அங்கே இரண்டாக வெட்டிக்கொள்ளலாம்: ஒரு பகல் புத்தளம், மறுநாள் காலை கொழும்பு. பெரியம்மா வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்.

கழகப் பெடியள் சேர்ந்து வான் பிடிப்பதுதான் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வழக்கம். ஆளுக்கு வரும் செலவு குறையும், பாட்டும் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் முடிந்த கையோடு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. சாரதியும் உங்களோடு விழித்திருந்தவர்தான். அதிகாலை இரண்டு மணிக்குப் புத்தளம்–அனுராதபுரம் வீதியிலும், செட்டிகுளம், மடுப் பக்கத்திலும் யானை குறுக்கே வரும். இருட்டில் அதன் கறுப்பு உடம்பு கடைசி நொடியில்தான் தெரியும். பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வந்த பிறகு கழுதைகள் வீதி நடுவில் நிற்கும். சாரதிக்கும் ஒரு படுக்கைக்குக் காசு சேர்த்துக் கொடுத்து, ஆறு மணித்தியாலம் தூங்கவிட்டு, வெளிச்சத்தில் வாருங்கள். இந்த நூலில் நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம் இது ஒன்றுதான்.

படுக்கை

கெத்தாராமவுக்குப் போகிறவர் கொட்டாஞ்சேனையில் தங்கினால் நல்லது. தமிழ் பேசும் அயல், சாப்பாட்டுக் கடைகள், காலையில் கொச்சிக்கடை அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு வரலாம்; ஆட்டம் முடிந்து ஓட்டோ கிடைக்காவிட்டாலும் கூட்டத்தோடு நடந்தே வந்துவிடலாம். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கேயும் தங்கலாம், ஆனால் அது தூரம். போகும்போது கரையோர ரயிலில் மருதானை வந்து இறங்கினால் மைதானத்துக்கு நடை தூரம்தான். திரும்பும்போது அந்த ரயில் இருக்காது.

நம் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்குக் கொழும்பு லொட்ஜ் என்றாலே இன்னும் நெஞ்சு ஒரு முறை இறுகும். 2007 யூன் 7 விடியலில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாமல், அப்படிப்பட்டவரை அழைத்துப் போகும் பிள்ளைகள் முன்கூட்டியே அறையைப் பேசி, பெயரையும் திகதியையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். எல்லோரிடமும் தேசிய அடையாள அட்டை இருக்கட்டும். பதிவுக்கு அது வேண்டும், மைதான வாசலிலும் கேட்கலாம்.

வாசலும் அரங்கும்

இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். இப்போது டிக்கெட் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் வருகிறது, ஆகவே பற்றரி செத்தால் டிக்கெட்டும் செத்தது. காலையில் முழுதாக ஏற்றிவிட்டு, டிக்கெட்டின் படத்தை இன்னொருவர் தொலைபேசியிலும் வைத்திருங்கள். போத்தல், குடை, பெரிய பை, பட்டாசு எதையும் உள்ளே விடமாட்டார்கள். பவர் பேங்க் விடுவார்களா என்பது தொடருக்குத் தொடர் மாறும். தடைசெய்த பொருட்களின் பட்டியல் டிக்கெட்டோடு வரும், அதை வீட்டிலேயே வாசியுங்கள். வாசலில் பிடுங்கிய பையைப் பாதுகாத்துத் தர யாரும் இல்லை, திரும்ப லொட்ஜுக்கு ஓடவும் நேரம் இல்லை.

உள்ளே போனால் முதல் வேலை, எல்லோரும் பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடம் குறித்துக்கொள்வது. வாசல் எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். முப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் அழைக்கும் இடத்தில் தொலைபேசி வேலை செய்யாது.

பிறகு பப்பரே வாத்தியக்குழு. அந்த ட்ரம்பெட்டும் மேளமும் சேர்ந்து அடிக்கத் தொடங்கினால் இருக்கையில் இருக்க மாட்டீர்கள். இந்த நாட்டின் ரசிகர் கூட்டத்துக்கு முகமாக இருந்தவர் பேர்சி அபேசேகர. கொடியைத் தூக்கிக்கொண்டு அணியின் பின்னால் நாடு நாடாகப் போனார். 2023 ஒக்டோபரில் காலமானார். பயணம் போய் ஆட்டம் பார்ப்பதை ஒரு வாழ்வாகவே செய்து காட்டிய மனிதர். அவரைச் சுற்றி எப்போதும் எல்லா இனத்தவரும் நின்றார்கள்.

அரங்கில் சுற்றிலும் சிங்களம்தான் கேட்கும். தமிழில் சத்தம் போட நம்மவர் சிலர் கூச்சப்படுவார்கள். தேவையில்லை. 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முரளியின் நாடு இது. "போடு மச்சான்" என்று வாய் நிறையக் கத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் ஓட்டக் கணக்குக் கேட்பார், கடலை நீட்டுவார்; நான்கு ஓவருக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வந்துவிடும். தொலைக்காட்சியில் இது கிடைக்காது.

மழை

கொழும்பில் ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைக்கானவை. ஒக்டோபரில் பின்னேர இடிமழை அநேகமாகத் தினமும் வரும். 2025 மகளிர் உலகக் கிண்ணத்தில் கெத்தாராமவுக்கு ஒதுக்கிய ஆட்டங்களில் பல அப்படித்தான் கழுவிப் போயின. 2023 செப்டெம்பர் 2 அன்று பல்லேகலயில் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் பாதியில் நின்றது. இந்தியா ஆடி முடித்ததும் வானம் உடைந்தது. அதே ஆசியக் கிண்ணத் தொடரில் கொழும்பில் நடந்த அவர்களின் அடுத்த ஆட்டத்துக்கு மேலதிக நாள் ஒதுக்கியிருந்ததால் மறுநாள் முடிந்தது. முதல் நாள் இரவே ஊருக்குத் திரும்பியவர்கள் கோலியின் சதத்தை வீட்டிலிருந்துதான் கேட்டிருப்பார்கள்.

இதிலிருந்து நமக்கு வேலைக்குதவும் விஷயம் மூன்று. பெப்ரவரி, மார்ச் ஆட்டங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மேலதிக நாள் உள்ள ஆட்டமா என்று பார்த்து, இருந்தால் லொட்ஜில் இன்னோர் இரவுக்கும் சொல்லி வையுங்கள். டிக்கெட் பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையையும் வாங்கும்போதே வாசியுங்கள். ஒரு பந்தும் வீசாத ஆட்டமும் சில ஓவர் ஆடி நின்ற ஆட்டமும் ஒன்றல்ல.

மழையே இல்லாமலும் ஆட்டம் சீக்கிரம் முடியலாம். 2023 செப்டெம்பர் 17 ஆசியக் கிண்ண இறுதியில் மொஹமட் சிராஜ் ஆறு விக்கெட் எடுத்தார். இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. தூரத்திலிருந்து வந்தவருக்கு அதைவிட வேதனை கிடையாது. அதனால்தான் ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டங்கள் என்று திட்டமிடச் சொல்கிறேன்: ஒன்று விரும்பிய ஆட்டம், மற்றது முந்தைய நாளோ அடுத்த நாளோ வருவது எதுவானாலும். அன்று சிராஜ் தன் பரிசுப் பணத்தை மைதான ஊழியர்களுக்குக் கொடுத்தார். மழையில் முழு மைதானத்தையும் மூடி மூடித் திறக்கும் அந்த ஊழியர்களின் வேலையைப் பார்ப்பதற்கே கூட கெத்தாராம போகலாம்.

சேப்பாக்கம்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் அதை நீந்தியே கடந்தார். 1964 புயல் வரை கோட்டையில் ரயில் ஏறி, இறங்குதுறையில் கப்பல் மாறிச் சென்னை போகலாம். இன்று அந்த வழி இல்லை. சென்னையில் ஓர் ஆட்டம் பார்க்க விரும்பும் மன்னார்க்காரர் பூநகரி வீதியால் யாழ்ப்பாணம் போய், பலாலியிலிருந்து விமானம் ஏறுவது கொழும்பு சுற்றுவதைவிடக் கிட்டம். காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, ஆனால் மழைக்காலத்தில் நின்றுவிடும். திகதி மாறாத ஆட்டத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். விசாவை டிக்கெட்டுக்கு முன் எடுங்கள். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் மைதானத்துக்குப் பின்னாலேயே நிற்கும். மொழிக் கவலையும் அங்கே இல்லை.

மண்டைதீவு

2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்தால் நமக்கு மிக அருகில் உள்ள மைதானம் என்ற தம்புள்ளையின் இடத்தை அது பிடிக்கும்: சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி இரண்டரை, மூன்று மணித்தியாலப் பயணம். இரவு ஆட்டம் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பக்கூடிய முதல் மைதானமாகவும் அதுவே இருக்கும், யாழ்ப்பாணம்–மன்னார் வீதியில் பதினொரு மணிக்குப் பிறகு ஒரு பஸ் ஓடினால். இப்போது அப்படி ஒரு பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. விளையாட்டுக் கழகங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் இ.போ.ச. மன்னார் சாலையிடம் அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க மைதானம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.